குண்டின் நிறையும் குறியின் செம்மையும்

1900ஆம் ஆண்டிலே, தென்னாபிரிக்கப் போர்முனையிற் பிடிபட்ட போயர் கைதிகள் கப்பல் வழியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். தியத்தலாவை மலைச்சாரலில் அவர்களுக்கென ஒரு முகாம் அமைக்கப்பட்டது. அங்கே தங்கியிருந்தோர் தொகை ஏறத்தாழ 5000. அதே ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து குதிரைப்படைத் தொண்டர் சிலர் அப்போருக்குக் கப்பலேறியிருந்தனர். இவ்வாறு, எங்கோ நடந்த ஒரு போர் நமது மலைநாட்டையும் தொட்டுச் சென்றது.

அப்போரில் இருவகைத் துப்பாக்கிகள் எதிர்நின்றன. போயர்கள் ஏந்தியது 7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஜேர்மன் மவுசர். பிரித்தானியர் ஏந்தியது '303' என்று நம்மவரும் நன்கறிந்த லீ-மெற்போர்ட், லீ-என்பீல்ட் வகைகள். இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு அப்போரோடு முடியவில்லை. அவ்வழக்கின் உள்ளே இன்னொரு வினா கிடந்தது. ஒரு துப்பாக்கி குறி தவறாது சுடுவதற்கு அதன் குண்டு எத்துணை நிறையுடையதாய் இருத்தல் வேண்டும் என்பதே அவ்வினா. பழைய படைத் துப்பாக்கியொன்றை வைத்திருந்து, இலக்குப் பலகையிற் சுட்டுப் பழகுவோர் இன்றும் கேட்கும் வினா இது. இதற்கு விடை காணப் பல நாட்டுப் படைகள் ஒரு நூற்றாண்டு காலம் முயன்றன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு நோக்குவோம்.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நலம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, தீயூட்டும் மூடி, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்பது அதன் நுனியிலிருந்து பறந்து செல்லும் உலோகத் துண்டு மட்டுமே. குண்டின் நிறையை ஆங்கிலேயர் கிரேயின் என்னும் அளவாற் குறிப்பர். ஓர் இறாத்தலுக்கு 7000 கிரேயின். ஆதியில் ஒரு தானியமணியின் நிறையை அடியாகக் கொண்டு எழுந்த அளவு அது. நம் பொற்கொல்லர் குன்றிமணியால் நிறுத்ததைப் போன்றதொரு வழக்கு என்று கொள்ளலாம். ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரேயின் நிறைக்கும். 303 துப்பாக்கியின் முதற் குண்டு 215 கிரேயின். பின்னர் வந்த குண்டு 174 கிரேயின். இடையிலுள்ள வேறுபாடு 41 கிரேயின். அஃதாவது இருபது குன்றிமணி அளவே. இச்சிறு வேறுபாட்டிற்காக ஒரு பேரரசின் துப்பாக்கிகளிலெல்லாம் குறிகாட்டிகளைத் திருத்த நேர்ந்தது.

குண்டின் நிறை ஏன் குறியைப் பாதிக்கிறது? துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் முறுக்குச் சால்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அச்சால்களிற் பற்றிச் சுழன்று வெளியேறுகிறது. சுழலும் பம்பரம் விழாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் தலைகீழாகப் புரளாமல் முனை முன்னோக்கிப் பறக்கிறது. குண்டு நீளமாக நீளமாக அதை நிலைநிறுத்துவதற்கு வேகமான சுழற்சி வேண்டும். ஒரே விட்டமுள்ள குண்டுகளில், நிறை மிகுந்தது பெரும்பாலும் நீளமும் மிகுந்தது. ஆகவே குண்டின் நிறையைத் தெரிவு செய்பவர், தம்மை அறியாமலே அதன் நீளத்தையும், அந்நீளத்திற்கேற்ற சாலின் முறுக்கையும் தெரிவு செய்கின்றார்.

இவ்வுண்மையை முதன்முதலில் யாவரும் காணுமாறு நிறுவியவர் மஞ்செஸ்ரர் நகரத்துப் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த். அக்காலத்துப் பிரித்தானியப் படையின் என்பீல்ட் துப்பாக்கி 0.577 அங்குல விட்டமுடையது. அதன் சால் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றியது. விற்வேர்த் ஏறக்குறைய அதே நிறையான, 530 கிரேயின் அளவுள்ள குண்டை எடுத்து, விட்டத்தை மட்டும் 0.451 அங்குலமாகக் குறைத்தார். குண்டு நீண்டு மெலிந்தது. அதற்கேற்பச் சாலை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைத்தார். 1857இல் நடந்த சோதனையில், 500 யார் தூரத்தில் என்பீல்ட் குண்டுகளின் சராசரி விலகல் 2.24 அடி; விற்வேர்த் குண்டுகளின் விலகல் 0.37 அடி மட்டுமே. நிறை மாறவில்லை, வடிவும் முறுக்கும் மாறின, குறி ஆறு மடங்கு செம்மையுற்றது. 1860இல் விம்பிள்டனில் நடந்த முதற் சுடும் போட்டியை விக்ரோறியா மகாராணி தொடக்கி வைத்தபோது, தாங்கியில் பொருத்தப்பட்டு அவர் கையால் வெடித்ததும் ஒரு விற்வேர்த் துப்பாக்கியே. பின்னர் 1879இல் வூலிச் நகரத்துக் கணிதப் பேராசிரியர் கிறீன்ஹில், குண்டின் நீளமும் விட்டமும் தெரிந்தால் வேண்டிய முறுக்கைக் கணிக்கும் எளிய வாய்பாட்டை வகுத்தார். அவ்வாய்பாட்டிலே குண்டின் நிறைக்கு இடமில்லை, நீளத்துக்கே இடம் என்பது கவனிக்கத்தக்கது.

இனி 303இன் கதைக்கு வருவோம். 1888இல் பிரித்தானியப் படை லீ-மெற்போர்ட் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதன் இயக்கமைப்பை வகுத்தவர் ஸ்கொத்லாந்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. குழலின் சாலை வகுத்தவர் வில்லியம் மெற்போர்ட். அதன் குண்டு 215 கிரேயின் நிறையும் மழுங்கிய முனையும் உடையது. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக, இடப்புறம் சுழலும் சால் அதற்கென அமைந்தது. தொடக்கத்தில் உள்ளே இருந்தது கரிமருந்து. 1890களின் தொடக்கத்தில் கோர்டைற் என்னும் புகை குறைந்த மருந்து வந்தது. அதன் வெப்பம் மெற்போர்ட்டின் ஆழமற்ற சாலை விரைவில் அரித்துவிட்டது. ஆகவே 1895இல் ஆழமும் கூர்விளிம்பும் உடைய ஐந்து சால்கள் கொண்ட என்பீல்ட் குழல் பிறந்தது. குண்டு அப்படியே இருக்க, மருந்தை மாற்றியதால் குழலையும் மாற்ற நேர்ந்தது. ஒன்றை மாற்றினால் மற்றொன்று தன் நிலையில் நில்லாது என்பதற்கு இது முதற்பாடம்.

அக்காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம்டம் ஆயுதச்சாலையில், குண்டின் முனையை மூடிய உறையைத் திறந்துவிட்டனர். மனித உடலிற் பட்டதும் அது விரிந்து கொடுங்காயம் விளைத்தது. நிறையை மாற்றாது முனையை மட்டும் மாற்றிய குண்டு அது. இங்கிலாந்திலும் துளைமுனைக் குண்டுகள் செய்யப்பட்டன. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, உடலுள் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கியது. குண்டின் வடிவைத் தெரிவு செய்தல் பொறியியலாளர் மேசையில் மட்டும் முடியும் காரியமன்று, அறத்தின் முன்னும் விடை சொல்ல வேண்டிய காரியம் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

அவ்வாண்டின் இறுதியிலேயே தென்னாபிரிக்கப் போர் மூண்டது. அங்கே போயர்கள் தொலைவிலிருந்து குறி தவறாது சுட்டனர். பிரித்தானியப் படைக்கு அனுப்பப்பட்ட புதிய லீ-என்பீல்ட் துப்பாக்கிகள் பலவற்றில் குறிகாட்டி பிழையாகப் பொருத்தப்பட்டிருந்தது. 500 யார் தூரத்தில் அவை 18 அங்குலம் வலப்புறம் விலகிச் சுட்டன. ஒரு மனிதனின் மார்பைக் குறிவைத்தவன் அவன் தோளுக்கு அப்பாலுள்ள வெளியைச் சுட்டான் என்பது இதன் பொருள். குண்டிலும் பிழையில்லை, குழலிலும் பிழையில்லை. அவற்றுக்கும் கண்ணுக்கும் இடைநின்ற சிறு இரும்புத் துண்டிலே பிழை இருந்தது. ஆலையிற் செய்யப்பட்ட தவற்றுக்கு, அத்துப்பாக்கியை நம்பிச் சென்ற சாதாரண சிப்பாயே விலை கொடுத்தான்.

இதற்கிடையே ஐரோப்பாவில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1898இல் பிரான்சு, கூர்முனையும் ஒடுங்கிய பின்புறமும் கொண்ட குண்டைச் செய்தது. மழுங்கிய முனையினும் கூர்முனை காற்றை எளிதிற் கிழித்துச் சென்றது. ஜேர்மனி 227 கிரேயின் குண்டைக் கைவிட்டு, 1905இல் 154 கிரேயின் கூர்முனைக் குண்டை ஏற்றது. அமெரிக்கா 1906இல் 220 கிரேயினிலிருந்து 150க்கு இறங்கியது. ருஷ்யா 1908இல் 210இலிருந்து 148க்கு இறங்கியது. குண்டு இலேசானால் வேகம் கூடும். வேகம் கூடினால் அதன் பாதை தட்டையாகும். பாதை தட்டையானால், எதிரியின் தூரத்தைச் சிப்பாய் சற்றுத் தவறாக மதித்தாலும் குண்டு பட்டுவிடும். போர்க்களத்தில் தூரத்தை அளந்து பார்க்க எவனுக்கும் நேரமில்லை. ஆகவே இலேசான குண்டு அவனது கண்ணின் பிழையைப் பொறுத்துக் கொண்டது.

பிரித்தானியர் 1910இல், ஏழாம் மார்க் எனப்படும் 174 கிரேயின் குண்டை ஏற்றனர். ஜேர்மனியரைப் போல அவர்கள் பெரிதும் இறங்கவில்லை, நடுவழியிலே நின்றனர். பழைய குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2060 அடி சென்றது. புதியது 2440 அடி சென்றது. ஆயினும் அவர்கள் செய்த நுட்பம் வேறிடத்தில் இருந்தது. குண்டின் உறைக்குள்ளே முனைப்பகுதியில் அலுமினியத்தையும், பின்பகுதியில் ஈயத்தையும் நிரப்பினர். போர்க்காலங்களில் அலுமினியத்துக்குப் பதிலாக மரக்கூழும் கடதாசியும் முனையில் இட்டதுண்டு. இதனால் நிறை குறைந்தும் குண்டின் நீளம் குறையவில்லை. பழைய 215 கிரேயின் குண்டுக்கென வெட்டப்பட்ட பத்தங்குல முறுக்கு, புதிய குண்டுக்கும் பொருத்தமாகவே இருந்தது. கோடிக்கணக்கான பணம் செலவிட்டுக் குழல்களை மாற்றும் தேவை நேரவில்லை. குறிகாட்டியில் தூரக்கோடுகளைத் திருத்துவதே போதியதாயிற்று. ஆனால் பின்பாரம் மிக்க இக்குண்டு உடலிற் பட்டதும் எளிதிற் புரண்டது. ஹேக் உடன்பாட்டின் எழுத்தை அது மீறவில்லை. காயத்தின் கொடுமையோ குறையவுமில்லை.

லீ-என்பீல்டுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அதன் பூட்டு, தோட்டாவின் தலைக்கு அருகே அல்லாமல் பின்புறத்தே பற்றுகிறது. சுடும்போது அவ்வமைப்பு முழுதும் சிறிது வளைந்து, குழலின் வாய் மேலும் கீழும் அதிர்கிறது. துப்பாக்கிக் குழலின் அதிர்வை அறிவியல் முறையில் ஆராய்ந்து மலொக் என்பார் 1901இல் கட்டுரை வெளியிட்டார். லீ-என்பீல்டில், குண்டு வெளியேறும் கணத்தில் குழல்வாய் மேலெழும்பிக் கொண்டிருக்கும். வேகமான குண்டு முந்தி வெளியேறுவதால் சற்றுத் தாழ்ந்து புறப்படும். மெதுவான குண்டு பிந்தி வெளியேறுவதால் சற்று உயர்ந்து புறப்படும். 800 அல்லது 1000 யார் தூரத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஓரிடத்தில் வந்து சேரும். ஒரு தோட்டாவுக்கும் இன்னொன்றுக்கும் மருந்தின் வலுவிலுள்ள சிறு வேறுபாட்டைத் துப்பாக்கி தானே ஈடு செய்கிறது. நெடுந்தூரப் போட்டிகளில் லீ-என்பீல்ட் பெற்ற புகழுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இந்த ஈடு, ஒரு குறித்த குண்டின் நிறையையும் வேகத்தையும் சார்ந்தது. வேறு நிறையுள்ள குண்டை இட்டால், அது குழல் அதிர்வின் வேறொரு கணத்தில் வெளியேறும். இலக்கிலே பொழுதும் படுமிடம் மாறிவிடும்.

முதலாம் உலகப் போர், இலேசான குண்டை நாடியவர்களுக்கு எதிர்பாராத பாடம் கற்பித்தது. இலேசான குண்டு வேகமாகப் புறப்படும். ஆனால் காற்று அதன் வேகத்தை விரைவிற் பறித்துவிடும். நெடுந்தூரம் சுட வேண்டிய இயந்திரத் துப்பாக்கிகளில் இக்குறை வெளிப்பட்டது. அமெரிக்காவின் 150 கிரேயின் குண்டு 4700 யார் செல்லும் என்று நம்பியிருந்தனர். அளந்து பார்த்தபோது ஏறத்தாழ 3400 யாரே சென்றது. ஆகவே 1926இல் ஒடுங்கிய பின்புறமுள்ள 173 கிரேயின் குண்டை அமைத்தனர். அது மிகு தூரம் சென்றது. சுடும் பயிற்சி வெளிகள் பலவற்றின் காப்பெல்லையையும் கடந்து சென்றது. 1930களின் இறுதியில் மீண்டும் 152 கிரேயின் குண்டுக்குத் திரும்பினர். ஜேர்மனி 154இலிருந்து 198க்கு ஏறி, 1930களில் அதையே பொதுக் குண்டாக்கியது. ருஷ்யா 1930இல் 182 கிரேயின் குண்டையும் சேர்த்துக்கொண்டது. பிரித்தானியர் மட்டும் சாதாரணச் சிப்பாய்க்கு 174ஐயே இறுதிவரை வைத்திருந்தனர். இயந்திரத் துப்பாக்கிக்கு 1938இல் ஒடுங்கிய பின்புறமுள்ள 175 கிரேயின் குண்டைத் தனியே வகுத்தனர்.

இதிலிருந்து தெரிவது யாது? சிறந்த நிறை என ஒன்று வானத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. கிட்டிய தூரத்தில் விரைந்து சுடுவோனுக்கு ஒன்று. நெடுந்தூரம் காற்றை ஊடுருவிச் சுடுவோனுக்கு மற்றொன்று. நோக்கம் நிறையைத் தீர்மானிக்கிறது; நிறை குழலையும் குறிகாட்டியையும் தீர்மானிக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களில் பிரித்தானியப் படை புதிய 7.62 மில்லிமீற்றர் துப்பாக்கிக்கு மாறியபோது, எண்ணிறந்த லீ-என்பீல்டுகள் மிகைப்பொருளாயின. உலகின் பல பாகங்களில் அவை வேட்டைக்காரரிடமும் சுடும் கழகத்தாரிடமும் சென்று சேர்ந்தன. அவற்றை வாங்கியோருக்கு வந்த முதல் ஐயம், எந்த நிறையுள்ள குண்டை இடுவது என்பதே. வேட்டைக்கெனச் செய்யப்பட்ட 150, 180 கிரேயின் குண்டுகளும் கடைகளிற் கிடைத்தன. நாம் கண்ட வரலாறே அவர்களுக்கு விடை கூறுகிறது. 1910க்குப் பின் அத்துப்பாக்கியின் குறிகாட்டி 174 கிரேயின் குண்டுக்கும் 2440 அடி வேகத்துக்கும் ஏற்பக் கோடிடப்பட்டது. அதே நிறையையும் வேகத்தையும் கொண்டு தொடங்குவோனுக்கு, 600 என்று எழுதிய கோடு 600 யாராகவே இருக்கும். பிற நிறையை நாடுவோன் ஒவ்வொரு தூரத்துக்கும் தானே புதிதாகக் கணக்கிட வேண்டியவனாகிறான்.

நிறை ஒன்றாயிருப்பதும் போதாது. போர்க்காலத்தில் விரைந்து செய்யப்பட்ட குழல்களின் உட்சால் விட்டம் ஒன்றுபோல் இல்லை, 0.312 அங்குலம் முதல் 0.316 வரை வேறுபடுவன உண்டு. நெடுங்காலம் கோர்டைற் எரிந்த குழல்களோ இன்னும் அகன்றிருக்கும். ஏழாம் மார்க் குண்டின் பின்புறம் தட்டையானது. அங்கே ஈயம் உறையின்றித் திறந்திருக்கும். வெடியின் அழுத்தத்தில் அது சிறிது விரிந்து அகன்ற குழலையும் அடைத்துக் கொள்ளும். ஒடுங்கிய பின்புறமுள்ள குண்டு அவ்வாறு விரிவதில்லை. தேய்ந்த குழலில் அதன் ஓரமாக வாயு கசிந்து குறி சிதறும். ஏறத்தாழ ஒரே நிறையுள்ள 174, 175 கிரேயின் குண்டுகள் இரண்டு, ஒரே பழைய குழலில் வேறுவேறு விதமாகச் சுடும் காரணம் இதுவே. ஆகவே பழைய துப்பாக்கியை உடையவன் முதலில் தன் குழலை அளக்கவேண்டும். அதன் பாதுகாப்பைத் தேர்ந்த கம்மியரிடம் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். பின்னரே குண்டைத் தேட வேண்டும்.

இங்கிலாந்தில் 1890 முதல் பெரும் போட்டிகள் நடந்துவரும் பிஸ்லி வெளியில் ஒரு வழக்கம் இருந்தது. அரச போட்டியிற் சுடுவோர் தாம் விரும்பிய தோட்டாவைக் கொண்டுவரல் ஆகாது. யாவருக்கும் வழங்கப்படும் படைத் தோட்டாவையே சுடல் வேண்டும். ஆதலால் அவர்கள் குண்டைத் துப்பாக்கிக்கேற்ப மாற்றாது, துப்பாக்கியைக் குண்டுக்கேற்பப் பதப்படுத்தினர். குழல் மரத்தைத் தொடும் இடங்களைத் திருத்தி, அதன் அதிர்வை ஒழுங்கு செய்தனர். பின்னாளில் அதே லீ-என்பீல்ட் அமைப்பில், 144 கிரேயின் குண்டுள்ள புதிய 7.62 தோட்டாவை ஏற்றியபோது, மெல்லிய குழல் நன்கு சுடவில்லை. கனத்த குழலைப் பொருத்திய பின்னரே செம்மை கிட்டியது. 1970இல் பிரித்தானியப் படையின் குறிசுடுநர் பெற்ற எல் 42 ஏ 1 துப்பாக்கி அவ்வாறு உருவானதே.

சுவீடன் நாட்டுச் செய்தி ஒன்றைக் கூறி முடிக்கலாம். அந்நாட்டின் 6.5 மில்லிமீற்றர் மவுசர் துப்பாக்கி, மழுங்கிய முனையுள்ள 156 கிரேயின் குண்டுக்கென 1890களில் அமைந்தது. 1941இல் அவர்கள் 139 கிரேயின் கூர்முனைக் குண்டுக்கு மாறினர். பழைய குறிகாட்டி புதிய குண்டுக்குப் பொருந்தவில்லை. ஆகவே துப்பாக்கியின் மரப்பிடியில் வட்டமான சிறு தகடொன்றைப் பதித்தனர். புதிய குண்டால் 100 மீற்றரிற் சுடும்போது குறியிலிருந்து எவ்வளவு மாறிப் படும், குழலின் உள்விட்டம் எவ்வளவு, அதன் நிலை எத்தகையது என்பன அத்தகட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். அத்துப்பாக்கியை இனி ஏந்தவிருக்கும் முகமறியா மனிதனுக்கு அதன் குறையையும் குணத்தையும் ஒளிக்காது உரைக்கும் தகடு அது. 500 யாரில் 18 அங்குலம் தவறிச் சுட்ட துப்பாக்கியைத் தென்னாபிரிக்காவில் ஏந்திய சிப்பாய்க்கு அத்தகைய எச்சரிக்கை எதுவும் கிட்டவில்லை. பழைய துப்பாக்கிக்குக் குண்டு தேடுவோன், அது எந்த நிறைக்கென்று ஆக்கப்பட்டது, எத்துணை தேய்ந்திருக்கிறது என்னும் இரண்டையும் முதலில் உண்மையாக அறிந்துகொள்ளட்டும். அவ்விரண்டும் தெரிந்தபின், எத்தனை கிரேயின் என்னும் வினாவுக்கு விடை காண்பது பெரிதும் எளிதாகிவிடும்.